மூன்று தடவை வந்த அம்மா

மூன்று வாரமாகப் பதிவு எதுவும் போடவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். சுருளிப்பட்டிப் பக்கம் மைத்துனர் தோட்டத்தில் போய் இருந்தேன். அங்கே ஒரு ராத்திரி நடந்த கூத்திலிருந்து ஆரம்பித்து, நாற்பது வருஷத்துக்கு முந்தைய என் தப்பு ஒன்றில் வந்து நின்றேன். அதை எழுதாமல் தூக்கம் வரவில்லை.

மைத்துனருக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. நம் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் ஏதாவது ஒரு தோட்டத்தில் வருஷம் முழுக்க அறுப்பு இருந்துகொண்டே இருக்கும். 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்த ரகத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்துவிட்டு அம்மா ஊரான உத்தமபாளையத்துக்கு வந்து சேர்ந்தவன் நான். அந்தக் கொடியைப் பார்க்கும்போதெல்லாம், 'நீயும் என்னை மாதிரிதானா' என்று கேட்கத் தோன்றும்.

மைத்துனரின் பேரன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். கோடை விடுமுறையில் வந்தவன், சொட்டுநீர் வால்வைத் தானாகத் திறந்து மூட ஒரு கருவி செய்து வைத்தான். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பலகை, அதில் ஈஎஸ்பி 8266 என்று ஒரு சில்லு. விலை சில நூறு ரூபாய்தான். அதற்குள் நோட்எம்சியு என்று ஒரு புரோகிராம் ஓடுகிறது. அதனிடம் லுவா என்ற சின்ன மொழியில் எழுதிக் கொடுத்தால் அதன்படி செய்யும். பையன் எழுதியது இரண்டே வரி. முதல் வரி: வால்வைத் திற. இரண்டாவது வரி: இத்தனை நேரம் கழித்து மூடு.

ஒன்றரை மணி நேரம் என்று போட்டு ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. வெயில் ஏற ஏற, "இளங்கொடிக்குப் பத்தலைடா, ரெண்டு மணி நேரமா மாத்து" என்றார் மைத்துனர். பையன் சாயங்காலம் மாற்றினான். வால்வு திறந்தது, குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. லேப்டாப்பை மூடிவிட்டுச் சாப்பிடப் போனான். விடிந்து பார்த்தால் சிமெண்டுத் தொட்டி காலி. வரப்பு வரைக்கும் சேறு. ராத்திரி முழுக்க வால்வு மூடவேயில்லை. கீழ்ப் பாத்தியில் பழுக்கிற பருவத்தில் இருந்த கொத்துகள், அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்து, இரண்டு நாளில் தோல் வெடித்துவிட்டன. வெடித்த பழத்தை வியாபாரி தொடமாட்டார்.

மைத்துனர் பையனை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பையனுக்குப் பெரிய தண்டனையாகப் போய்விட்டது. திண்ணையில் உட்கார்ந்து திரையையே வெறித்துக்கொண்டிருந்தான். "என்னப்பா எழுதியிருக்கு அதுல?" என்று கேட்டேன்.

"ராத்திரியே சொல்லியிருக்கு தாத்தா. நான்தான் படிக்காம போயிட்டேன். ஆர்க்யூமென்ட் சரியில்லையாம்."

ஆர்க்யூமென்ட் என்றால் வக்கீல்கள் கோர்ட்டில் செய்வது என்றுதான் நினைத்திருந்தேன். பிரெஞ்சிலும் ஏறக்குறைய அதே சொல், அதே பொருள்தான். பையன் சிரித்துவிட்டு விளக்கினான். ஒரு புரோகிராமிடம் ஒரு வேலையைச் சொல்லும்போது கூடவே கொடுக்கிற விவரங்களுக்கு அந்தப் பெயராம். 'மூடு' என்றால் வேலை. 'இரண்டு மணி நேரம் கழித்து' என்றால் ஆர்க்யூமென்ட். பள்ளிக்கூடப் பாடநூலில் செயலுருபு என்று போட்டிருக்கிறார்களாம். எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால், மனு ஒன்று, அதனோடு வைக்கிற இணைப்புகள் சில. அவ்வளவுதான்.

அந்தக் கருவி நேரத்தை மில்லி செகண்டில் எண்ணுகிறது. ஒரு தடவையில் அதனால் எண்ண முடிந்த அதிகபட்சம் 68,70,947. அதாவது 1 மணி 54 நிமிடம் 30 செகண்டும் சொச்சமும். இரண்டு மணி நேரம் என்றால் 72 லட்சம். ஐந்தரை நிமிடம் கூடுதல். 'இந்த எண் என் வரம்புக்குள் இல்லை, 1 முதல் 6870947 வரைதான் ஏற்பேன்' என்று திருப்பிவிட்டது. மறுத்தது நியாயம்தான். ஆனால் மறுத்தது இரண்டாவது வரியில். முதல் வரியில் வால்வைத் திறந்தாகிவிட்டதே!

இதைக் கேட்டதும் எனக்கு உடம்பு லேசாகச் சிலிர்த்தது. நான் முப்பத்து நான்கு வருஷம் பார்த்த வேலையே இதுதான். பில்லையும் பென்ஷன் தாளையும் வாங்கி, இணைப்பு சரியா என்று பார்த்து, உள்ளே விடுவது அல்லது திருப்புவது.

"முழுசா சொல்லுடா, எனக்கு வேலை ஒன்றும் இல்லை" என்று உட்கார்ந்தேன். மூன்று நாள் சொன்னான். புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். நம் வயதுக்காரர்களுக்கும் இது புரியும். நாம் எல்லோரும் ஏதாவது ஒரு கவுன்டரில் நின்றவர்கள்தானே.

லுவா 1993-இல் பிரேசில் நாட்டில், ரியோ நகரத்துக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ராபர்ட்டோ எருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக் டி ஃபிகைரெடோ, வால்டெமார் செலெஸ் என்று மூன்று பேர் செய்தது. போர்த்துகீசிய மொழியில் லுவா என்றால் நிலா. பிரெஞ்சில் லூன். உடன்பிறந்த சொற்கள். இதற்கு முன்னால் 'சோல்' என்று ஒரு மொழி செய்து வைத்திருந்தார்கள். சோல் என்றால் சூரியன். அதனால் அடுத்ததற்கு நிலா என்று பேர் வைத்துவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த சங்கதி வேறு. பெட்ரோப்ராஸ் என்ற எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் தங்கள் கணக்குப் புரோகிராம்களுக்குத் தினமும் ஏகப்பட்ட விவரங்களை நிரப்ப வேண்டியிருந்தது. கை சலித்தால் தப்பு வரும். அந்தப் படிவங்களை நிரப்பவும், நிரப்பியது சரியா என்று பார்க்கவும் செய்த சின்ன மொழி ஒன்றுதான் இந்த வம்சத்தின் தொடக்கம். ஆக, லுவாவுக்குக் குலத்தொழிலே குமாஸ்தா வேலை!

லுவா தனியாக நிற்பதை விட, இன்னொரு பெரிய புரோகிராமுக்குள் குடியிருப்பதுதான் அதிகம். அந்தப் பெரியவர் பெரும்பாலும் சி என்ற பழைய மொழியில் எழுதப்பட்டிருப்பார். வால்வைத் திறப்பது, நேரம் எண்ணுவது போன்ற நிஜ வேலையெல்லாம் அவர் கையில். லுவாவில் எழுதுகிறவர் வெளியே நிற்கும் மனுதாரர் மாதிரி. நடுவில் ஒரு கவுன்டர். லுவா தன் தாள்களை அதில் வரிசையாக வைக்கும். முதல் தாள் 1, அடுத்தது 2. உள்ளே இருப்பவர் எண்ணைச் சொல்லி எடுத்துக்கொள்வார்.

சிக்கல் எங்கே என்றால், இரண்டு பேருடைய சுபாவமும் வேறு. லுவாவில் எந்தத் தாளில் எது வேண்டுமானாலும் இருக்கலாம்: எண், சொல், பட்டியல், ஒன்றுமே இல்லாத வெற்றுத்தாள். உள்ளே இருக்கும் சி மொழிக்காரரோ, எண் என்று சொன்னால் எண் என்றே நம்பிக் கணக்குப் போடுகிறவர். தப்பான தாளை நம்பி வேலையை ஆரம்பித்தால் ஆபீஸே கவிழ்ந்துவிடும். அதனால் உள்ளே விடுவதற்கு முன்னால் கவுன்டரிலேயே ஒருவர் பார்த்தாக வேண்டும்.

பார்ப்பதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்றின் பேர் 'செக்இன்டிஜர்' என்று முடியும். இந்தத் தாளில் முழு எண் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டுச் சொல்லும்: இன்ன வேலைக்கு, இத்தனையாவது தாள் தவறு, எண் கேட்டேன், சொல் வந்திருக்கிறது. எந்த வேலை, எந்தத் தாள், என்ன வேண்டும், என்ன வந்தது. இந்த நான்கும் இருந்தால் அது நல்ல ஆட்சேபணைக் குறிப்பு. 'குறைபாடுகளுடன் உள்ளதால் திருப்பி அனுப்பப்படுகிறது' என்று ஒற்றை வரியில் எழுதி, ஆளை அலையவிட்ட எத்தனை கோப்பு பார்த்திருக்கிறோம்!

இன்னொன்று 'டூஇன்டிஜர்'. இது யாரையும் கோபித்துக்கொள்ளாது. எண் வந்தால் எடுத்துக்கொள்ளும். வேறு எது வந்தாலும் சத்தமில்லாமல் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு மேலே போய்விடும். 'தொண்ணூறு நிமிடம்' என்று எழுத்தில் எழுதிக் கொடுத்தால் அதற்குப் பூஜ்யம். பூஜ்ய நிமிடம் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, முடிந்தது என்று சொல்லும். கொடி காயும் வரைக்கும் யாருக்கும் தெரியாது.

முதலில் சொன்னதை விட இது நல்லவர் மாதிரி தெரிகிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும், ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரின் கோப்பு ஞாபகம் வராமல் இருந்திருந்தால். அவருடைய பென்ஷன் படிவத்தில் 'முந்தைய தற்காலிகப் பணி' என்ற கலத்தை நிரப்பாமல் விட்டிருந்தார். யாரோ ஒரு புண்ணியவான் திருப்பி அனுப்பி அலைக்கழிக்க வேண்டாம் என்று நினைத்து அதில் 'இல்லை' என்று எழுதிவிட்டார். கோப்பு ஒரே மாதத்தில் முடிந்தது. வாத்தியாருக்கும் சந்தோஷம். ஆறு வருஷம் கழித்து நேர்காணலுக்கு வந்தவர், பேச்சு வாக்கில், "நான் ஆரம்பத்துல மூணு வருஷம் டெம்பரரியா இருந்தேனே, அது இதுல சேர்ந்திருக்கா?" என்று கேட்டார். சேரவில்லை. ஆறு வருஷமாக மாதாமாதம் குறைத்துத்தான் வாங்கியிருக்கிறார். திருப்பி அனுப்பியிருந்தால் ஒரு நாள் அலைச்சலோடு போயிருக்கும்.

நடுவில் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 'ஆப்ட்இன்டிஜர்' என்பானாம். தாளே வைக்கவில்லையென்றால், வழக்கமாக இருப்பதை எடுத்துக்கொள்ளும். ஆனால் தாள் வைத்து அதில் தப்பாக எழுதியிருந்தால் விடாது, நிறுத்திவிடும். இல்லாதது வேறு, தப்பாக இருப்பது வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய எனக்குப் பத்து வருஷம் சர்வீஸ் ஆனது. பேரன் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டான். எந்தக் கலத்தை வெறுமையாக விடலாம், எதை விடக்கூடாது என்பதை முன்கூட்டியே விதி எழுதியவர் முடிவு செய்திருக்க வேண்டும். கவுன்டரில் இருப்பவரின் அன்றைய மனநிலை முடிவு செய்யக்கூடாது.

எண்ணைப் பற்றி இன்னொரு வேடிக்கை. '90' என்று மேற்கோள் குறிக்குள் சொல்லாகக் கொடுத்தாலும் லுவா பரவாயில்லை என்று எண்ணாக எடுத்துக்கொள்ளும். '90 நிமிடம்' என்றால் எடுக்காது. '12,50' என்றாலும் எடுக்காது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பையன் என்னவோ ஏதோ என்று பார்த்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், எழுபதுகளின் நடுவில். பிரெஞ்சுப் பள்ளியில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, கமாதான். பன்னிரண்டரை என்பதை 12,50 என்றுதான் எழுதுவோம். ஒன்று என்ற எண்ணை மேலே ஒரு கொக்கியோடு எழுதுவோம், இங்கே பார்ப்பவருக்கு அது ஏழு மாதிரி தெரியும். நான் போட்ட முதல் சில்லறைச் செலவு பில்லைக் கண்காணிப்பாளர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "தம்பி, இது பன்னிரண்டு ரூபாய் ஐம்பது பைசாவா? ஆயிரத்து இருநூத்தி அம்பதா? இல்ல, எழுபத்தி ரெண்டா?" ஆபீஸே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. பில்லில் எழுத்தால் எழுதுவது எதற்கு, குறுக்கே சிவப்பு மையில் 'ரூபாய் பதிமூன்றுக்குக் கீழ்' என்று எழுதுவது எதற்கு என்று உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். அந்தச் சிவப்பு மை வரிதான் பேரனுடைய '1 முதல் 6870947 வரை'. தொகை எதுவாகவும் இருக்கட்டும், இந்த வேலியைத் தாண்டக்கூடாது. அவர் தானாக யூகித்து ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளாமல் என்னைக் கேட்டாரே, அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

முத்திரை பார்க்கிற வேலையும் உண்டு. சில தாள்கள் எண்ணும் இல்லை, சொல்லும் இல்லை. உள்ளே இருப்பவரே முன்பு கொடுத்த மூடிய பொட்டலம். ஒரு டைமர், ஒரு ஃபைல், இப்படி. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாப் பொட்டலமும் ஒன்று போல இருக்கும். டைமர் கேட்ட இடத்தில் ஃபைல் பொட்டலத்தை நீட்டினால்? அதற்காக ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர்ச்சீட்டைப் பதிந்து வைத்து, அந்தச் சீட்டு ஒட்டியிருந்தால்தான் பிரிப்பார்களாம். கெஜட்டட் ஆபீசர் பச்சை மையும் ரப்பர் ஸ்டாம்பும் எதற்கு என்று இளைஞர்கள் கேட்பார்கள். இதற்குத்தான்.

கடைசியாக, தோட்டம் வெள்ளமான விஷயத்துக்கு வருகிறேன். கவுன்டரில் தவறு தெரிந்ததும் லுவா மறுக்கும் விதம் கொஞ்சம் முரட்டுத்தனம். கையில் பிடித்திருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே குதித்துவிடும். அதற்குள் பெட்டி எதையாவது திறந்து வைத்திருந்தால் மூட ஆள் கிடையாது. கடன் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்க ஆள் கிடையாது. அதனால் அனுபவசாலிகள் சொல்லும் விதி: உள்ளே நுழைந்ததும் எல்லாத் தாளையும் முதலில் பார்த்துவிடு. ஒன்று விடாமல் பார்த்த பிறகுதான் எதையும் தொடு.

எங்கள் ஆபீசிலும் இதே விதிதான். இணைப்பைச் சரிபார்க்காமல் பதிவேட்டில் எண் போடாதே. போட்டுவிட்டால், பில் திரும்பிப் போன பிறகும் அந்த எண் பதிவேட்டில் அநாதையாக நிற்கும். தணிக்கைக்காரர் வந்து, "இது எங்கே?" என்று கேட்பார். பையன் செய்த தப்பும் அதுதான். வால்வு திறக்கிற வரிக்கு முன்னால் நேரம் வரம்புக்குள் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும்.

இவ்வளவும் கேட்ட பிறகு, எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஏம்ப்பா, நாலு தாளும் தப்பா இருந்தா நாலையும் சொல்லுமா?"

"சொல்லாது தாத்தா. முதல்ல எது தப்போ அதைச் சொல்லிட்டு நின்னுடும். அதைத் திருத்திட்டு மறுபடி ஓட்டினா அடுத்ததைச் சொல்லும். ஒரு செகண்டுதானே."

அவனுக்கு ஒரு செகண்டு. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வராமல் போனது இந்த பதிலால்தான்.

எண்பதுகளின் தொடக்கம். நான் உதவியாளராக இருந்தேன். எந்த ஆபீஸ், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. தப்பு என்னுடையது, ஆபீசைச் சொல்லிப் பயனில்லை. வாய்க்காலில் லஸ்கராக இருந்து, பணியில் இருக்கும்போதே இறந்துபோனவருடைய மனைவி குடும்ப ஓய்வூதியத்துக்குத் தாள் கொண்டுவந்தார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பள்ளத்தாக்கின் மேல்கோடியிலிருந்து வரவேண்டும். இரண்டு பஸ். ஒரு நாள் கூலி போகும். எழுதப் படிக்கத் தெரியாது. தாள்களை மஞ்சள் பையில் சுற்றி, அதன் மேல் ரப்பர் பேண்டு போட்டிருந்தார்.

நான் மேலே இருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். புகைப்படம் இரண்டுதான் இருந்தது, மூன்று வேண்டும். அதோடு நிறுத்திவிட்டேன். குறிப்புச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் படத்தோடு வந்தார். அடுத்த தாளைப் புரட்டினேன். வாரிசுச் சான்றில் கணவர் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்து, பணிப்பதிவேட்டில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை. மறுபடி அனுப்பினேன். தாலுகா ஆபீசில் அதைத் திருத்தி வாங்க இரண்டு மாதம் ஆகிவிட்டது. மூன்றாவது தடவை வந்தார். எல்லாம் பார்த்துக்கொண்டே கடைசித் தாளுக்கு வந்தேன். கைரேகைத் தாளில் ரேகை இருந்தது, சான்றொப்பம் இல்லை.

"இன்னைக்கும் இல்லையா சாமி?" என்றார்.

இல்லை என்று சீட்டை நீட்டினேன். அவர் சண்டை போடவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. சீட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "மொத நாளே மூணையும் சொல்லியிருந்தா ஒரே நடையா வந்திருப்பேனே சாமி."

அவ்வளவுதான். போய்விட்டார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை. அந்த மூன்று குறையும் முதல் நாளே அந்தப் பைக்குள்தான் இருந்தன. நான் முதல் குறையைக் கண்டதும் மீதித் தாளைப் புரட்டக்கூட இல்லை. விதிப்படி நான் செய்தது தப்பில்லை. ஒவ்வொரு ஆட்சேபணையும் நியாயமானது. சென்னையில் கணக்காயர் ஆபீசுக்குப் போயிருந்தாலும் அதே குறைகளுக்காகத் திரும்பித்தான் வந்திருக்கும். இதையெல்லாம் எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

நான்காவது தடவை எல்லாம் சரியாக இருந்தது. அன்றே மேலே அனுப்பினேன். ஓய்வூதியம் கிடைத்த பிறகு ஒரு நாள் வந்து சொல்லிவிட்டுப் போனார். "பெரியவன் நல்லா இருக்கானா, படிக்கிறானா?" என்று கேட்டேன். வாரிசுச் சான்றில் இரண்டு பையன்கள் பேர் இருந்தது நினைவில் இருந்தது. "அவன் ஏலத் தோட்டத்துக்குப் போறான் சாமி. பணம் வர்ற வரைக்கும் சாப்பாட்டுக்கு வேணும்ல. பத்தாப்பு பாதியில நிப்பாட்டிட்டேன்" என்றார். இனிமேல் பள்ளிக்கூடம் அனுப்பலாமே என்றேன். ஜீப்பில் மலைக்குப் போய்க் காசு பார்த்த பையன் திரும்பப் பெஞ்சில் உட்காரமாட்டேன் என்கிறான் என்றார். என் மேல் குறை சொல்லும் எண்ணம் அவருக்குக் கொஞ்சமும் இல்லை. கேட்டதால் சொன்னார்.

பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குத் தெரியும், அந்த வயதில் குமுளிப் பக்கமும் கம்பம்மெட்டுப் பக்கமும் ஜீப் ஏறிய பையன்கள் எத்தனை பேர் என்று. அந்தப் பையன் ஏறியதற்கு நான் ஒருவனே காரணம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் நான்கு மாதத்தில் மூன்று மாதமாவது என் மேஜையில் போனது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யார் தாள் கொண்டுவந்தாலும், முதலில் ஒரு அரைத்தாளை எடுத்துப் பென்சிலில் 1 முதல் 9 வரை எண் போடுவேன். கடைசித் தாள் வரைக்கும் பார்த்து, எது சரி, எது இல்லை என்று எல்லாவற்றையும் அதில் எழுதிய பிறகுதான் வாயைத் திறப்பேன். அந்த அரைத்தாளையே அவர்களிடம் கொடுத்துவிடுவேன். எங்கே போய் வாங்க வேண்டும் என்பதையும் பக்கத்தில் எழுதுவேன். ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். கண்காணிப்பாளர் ஒருவர், "நீர் என்ன மனுதாரருக்கு வக்கீலா?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. ஓய்வு பெறும் வரைக்கும் அந்த அரைத்தாள் நின்றுபோகவில்லை.

மறுநாள் காலை பேரனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். வழக்கமாகப் பாதியில் ஃபோனைப் பார்ப்பவன், முழுக்கக் கேட்டான். பிறகு சொன்னான்: "தாத்தா, சில்லுகிட்ட பேசுறது நான்னா, முதல் தப்போட நிக்கலாம். ஆனா இதை இனிமே இயக்கப்போறது தாத்தாதானே." அவன் சொன்ன தாத்தா என் மைத்துனர். எழுபத்தெட்டு வயது. இடது கண்ணில் புரை.

அன்று சாயங்காலத்துக்குள் புரோகிராமை மாற்றி எழுதினான். இப்போது வால்வைத் தொடுவதற்கு முன்னால் எல்லாம் பார்க்கப்படுகிறது. எத்தனை நிமிடம், எந்தப் பாத்தி, எத்தனை மணிக்கு. ஒன்று தப்பானதும் நிற்பதில்லை. கடைசி வரைக்கும் பார்த்து, தப்பானவற்றையெல்லாம் சேர்த்து ஃபோனில் தமிழில் காட்டுகிறது. '1. நேரம் கூடுதல், 114 நிமிடத்துக்குள் கொடுக்கவும். 2. பாத்தி எண் 7 கிடையாது, 1 முதல் 4 வரை மட்டும்.' குறை இருந்தால் வால்வு திறப்பதேயில்லை. இரண்டு மணி நேரம் வேண்டுமென்றால் ஒரு மணி நேரமாக இரண்டு தடவை பாய்ச்சுகிறது. உள்ளே இருக்கும் சி மொழிக்காரர் தன் சோதனையை முன்போலவே வைத்திருக்கிறார். அதை எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது.

மைத்துனர் வேண்டுமென்றே எல்லாவற்றையும் தப்பாகப் போட்டுப் பார்த்தார். மூன்று குறை, மூன்று வரி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். "பரவாயில்லையே, எல்லாத்தையும் ஒரேயடியா சொல்லிடுதே" என்றார்.

பையன் என்னைப் பார்த்தான். நான் தொட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்தது. கீழ்ப் பாத்தியில் வெடித்த கொத்துகளை ஆட்கள் வெட்டிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த பதிவில் புதுச்சேரிப் பள்ளியில் டிக்டே எழுதி அடிவாங்கிய கதையைச் சொல்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.